தேதி தவறியவரைத் தேடிப் போகிறவர்

(ஆய்க்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் புள்ளிராஜாவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே விளம்பரம், ஒரே கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? அந்தக் காலத்தில் ராஜா என்று பெயர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. விளம்பரம் என்ற அளவில் அது பெரிய வெற்றிதான். டீக்கடை பெஞ்சில் ஆணுறையைப் பற்றி வாய் திறந்து பேச வைத்ததே, அது லேசுப்பட்ட காரியமா? ஆனால் நாம் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டோம். வருமா வராதா என்று கேட்டோமே தவிர, வந்துவிட்டால் அந்த மனுஷன் மாத்திரை வாங்க எந்த பஸ் ஏறுவான், வீட்டில் யாரிடம் சொல்வான், ஒரு நாள் கூலி போனால் எப்படிச் சமாளிப்பான் என்று கேட்கவில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி.

மருந்து விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா மயிலாப்பூர் காப்பகத்துப் பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. அவரும் கணவருமாக ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் கதை அந்த டாக்டர்களோடு முடிந்துவிடுகிறது. ரத்தம் கொடுத்த பெண்கள் என்ன ஆனார்கள்?

தொற்று இருந்த பெண்கள் சிலரைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தை விட்டு வெளியே விடவில்லை. வெளியே போனால் பரப்புவார்கள் என்று சொல்லிப் பூட்டி வைத்தார்கள். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அதை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அந்தப் பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். பிறகு அவர் தொடங்கிய அமைப்பு எச்.ஐ.வி. ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கே பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கிடைத்த ஆதரவுச் சேவையின் வரலாறு ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை, கோர்ட்டில் தொடங்கியது என்று நான் சொல்வேன். பூட்டைத் திறப்பதுதான் முதல் சேவையாக இருந்தது.

அதன் பிறகு பத்துப் பதினைந்து வருஷம் கையில் மருந்து இல்லாத காலம். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம், 1990-களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் வந்து சேரும் இடமாயிற்று. மற்ற ஆஸ்பத்திரிகளில் கட்டிலைத் தொடக்கூடப் பயந்தபோது அங்கே சேர்த்துக்கொண்டார்கள். தொடக்க நாட்களில் நம் பக்கத்து ஆட்களும் ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியவர்கள்தான். வீட்டில் கேட்டால் 'சென்னையில் ஒரு வேலை' என்பார்கள். 2001-இல் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீத், மூன்று மருந்துகளையும் சேர்த்து வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். மேலைநாட்டுக் கம்பெனிகள் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. பிறகு நம்ம பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது. முதலில் நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. 2017-இலிருந்து தொற்று என்று தெரிந்த உடனே மருந்து. இப்போது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை, நாளுக்கு ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கருவிக்கே தட்டுப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கி நின்றவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான தம்பதிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து உறுதி செய்த விஷயம் இது.

அப்படியென்றால் வேலை முடிந்ததுதானே? மருந்து இருக்கிறது, இலவசம், நாளுக்கு ஒன்று.

முடியவில்லை. ஏன் என்பதற்கு நம் பக்கத்து ஜில்லாவில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கிருந்து சங்கரன்கோவில் தாண்டிப் போனால் சாத்தூர்.

2018 நவம்பர் கடைசி. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 19 வயதுப் பையன் ஒருவன் உறவுக்காரப் பெண்ணுக்காக ரத்தம் கொடுத்தான். அந்த ரத்தம் அவருக்குப் பயன்படவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு இருந்த வேறொரு கர்ப்பிணிக்கு ஏற்றினார்கள். பையன் வெளிநாட்டு வேலைக்குப் போகவேண்டி மருத்துவப் பரிசோதனை எடுத்தான். எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக வந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஓடி ஒளியவில்லை. 'நான் ரத்தம் கொடுத்திருக்கிறேன், யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்' என்று ஆஸ்பத்திரிக்குத் தானே போய்ச் சொன்னான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. விஷயம் டிவியில் வந்தது, நாடே பேசியது. அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனான்.

பத்திரிகைகள் எல்லாம் ரத்த வங்கியின் அலட்சியத்தைப் பற்றி எழுதின. சரிதான். ஆனால் அந்தச் செய்திகளுக்குள் இன்னொரு விவரம் சின்னதாகக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2016-இல், அதே பையன் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறான். அப்போதே தொற்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் அவனிடம் போய்ச் சேரவே இல்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோதனை நடந்தது. முடிவு சரியாக வந்தது. பதிவேட்டில் எழுதியும் ஆயிற்று. மருந்து அதே ஜில்லாவில் இலவசமாக இருந்தது. அந்தப் பதிவேட்டிலிருந்து எழுந்து, பஸ் ஏறிப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று, 'தம்பி, ஒரு நிமிஷம் தனியாகப் பேசலாமா?' என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அந்த ஒரு ஆள் 2016-இல் போயிருந்தால் அவன் அன்றைக்கே மாத்திரை தொடங்கியிருப்பான், இன்னொரு தடவை ரத்தம் கொடுத்திருக்க மாட்டான், ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று போயிருக்காது. 2018 டிசம்பரிலாவது, டிவி கேமராக்களுக்கு நடுவே நின்ற அந்தப் பையன் பக்கத்தில் ராவும் பகலும் உட்கார ஒரு ஆள் இருந்திருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தாய்க்கு உடனே மருந்து தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. மருந்து தன் வேலையைச் செய்தது, கோர்ட்டும் தன் வேலையைச் செய்தது. நடுவில் நின்றிருக்க வேண்டிய ஆள்தான் இல்லை.

அந்த ஆளைத்தான் உலகம் முழுக்க கேஸ் மேனேஜர், பின்தொடர் பணியாளர், களப்பணியாளர் என்று ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கிறார்கள். தொற்று உள்ள ஒருவருக்கு மருந்து, சத்துணவு, பஸ் செலவு, காசநோய்ச் சோதனை, விதவை உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சண்டை என்று பத்து வாசல் ஏறவேண்டியிருக்கும். பத்து வாசலுக்கும் கூடவே வருகிற ஒரே ஆள் இவர். இந்த வேலை அமெரிக்காவில் 1983-இல் சான்பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் 5பி எய்ட்ஸ் வார்டில் வேர்விட்டது. மருந்தே இல்லாத காலத்தில், தொட்டுப் பேசுவதையும் வாடகை வீட்டுக்காரனோடு வாதாடுவதையும் சிகிச்சையின் பகுதியாக அங்கே வைத்தார்கள். ரையன் ஒயிட் என்ற பள்ளிச் சிறுவனின் பெயரில் 1990-இல் அங்கே வந்த சட்டம், இந்த வேலைக்கும் அரசுப் பணத்தை ஒதுக்கியது. உகாண்டாவில் 1987-இல் நோரீன் கலீபா, கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த துக்கத்தில், டாசோ என்ற எய்ட்ஸ் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார்.

நம் ஊரில் இதைத் தொடங்கியவர்கள் டாக்டர்கள் அல்ல, தொற்று உள்ளவர்களே. சென்னையில் 1997-இல் எச்.ஐ.வி. உள்ளோரின் இந்தியக் கூட்டமைப்பு. அடுத்த வருஷம் கௌசல்யாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பெண்களுக்கென்று தனி அமைப்பு. லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டு, தொற்று தெரிந்து, அதை மறைக்காமல் பொதுமேடையில் சொன்னவர் கௌசல்யா. இன்றைக்கு அது சாதாரணமாகத் தெரியலாம். 1998-இல் நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படிச் சொல்வது எப்படிப்பட்டது என்று வயதானவர்களைக் கேளுங்கள். பிறகு மாவட்டந்தோறும் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கங்கள் வந்தன. 2013-இல் குளோபல் ஃபண்ட் பணத்தில் விஹான் என்ற திட்டம் நாடு முழுக்கப் பராமரிப்பு, ஆதரவு மையங்களைத் திறந்தது. ஏ.ஆர்.டி. மையம், மருந்து வாங்க வராதவர்களின் பட்டியலை அந்த மையத்துக்கு அனுப்பும். களப்பணியாளர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள்.

இப்போது ஆய்க்குடிக்கு வருகிறேன்.

வீடு தேடிப் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து தண்டுவடம் போன ராமகிருஷ்ணன் அண்ணாச்சி, 1981-இல் இந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். தசைநோயோடு சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தவர் ஆடிட்டர் சங்கரராமன். இன்றைக்கு அந்தச் சங்கத்துப் பெண்கள் கிராமம் கிராமமாகப் போய், வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தையைத் தாயின் மடியிலேயே வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதைக் கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். ஒரு குழந்தை இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது போய்க் கேட்பார்கள். நான் சொல்கிற கேஸ் மேனேஜ்மென்ட் இதேதான். வெளிநாட்டிலிருந்து வந்த புது விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் தலைகீழாகப் பிரிகின்றன. மாற்றுத்திறன் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பணியாளர் பையைத் தூக்கிக்கொண்டு பகலில் போகலாம். தெருவே 'வாங்க டீச்சர்' என்று கூப்பிடும், மோர் கொடுக்கும். எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டுக்கு அப்படிப் போனால் அந்த வருகையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 'அந்த வீட்டுக்கு அடிக்கடி ஒரு பொம்பள வாராளே, எதுக்காம்?' இந்த ஒரு கேள்வி போதும், குடும்பம் ஊரைக் காலி செய்ய. ஆகவே தேடிப் போகவும் வேண்டும், தேடிப் போனது தெரியவும் கூடாது. இந்தத் தொழிலின் மொத்தக் கஷ்டமும் இதில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், நீங்கள் தேடக்கூடாது.

கடையம் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றும் அம்மா, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் போய் வெகு காலம். பத்து வருஷத்துக்கும் மேலாக மருந்து தவறாமல் வாங்கியவர், திடீரென்று இரண்டு மாதம் வரவில்லை. பட்டியலில் பெயர் வந்துவிட்டது. தேடிப் போன பணியாளரும் தொற்று உள்ளவர்தான், அந்த அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். மகளிர் குழுக் கணக்கு நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அந்த நோட்டில் கணக்கு ஒன்றும் கிடையாது.

திண்ணையில் அந்த அம்மா சுளவை மடியில் வைத்து இலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இரண்டு பெண்கள்.

'எக்கா, குழுக் கூட்டத்துக்கு ரெண்டு தரம் வரல. தலைவி சத்தம் போடுதாவ.'

அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தரி ஒரு நொடி நின்றது.

'எங்க தாயி வர? மருமவ வந்திருக்கால்லா. வீட்டுல ஒரு சாமான் வைக்க எடமில்ல.'

பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. பணியாளருக்கு முழு விஷயமும் விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் மாத்திரை டப்பா புளிப்பானைக்குள் இருந்தது. புது மருமகள் வந்து அடுக்களையைக் கையில் எடுத்தாள். புளிப்பானை அவள் கைக்குப் போயிற்று. டப்பாவை வைக்க அந்த வீட்டில் வேறு இடமில்லை. பெற்ற மகனுக்கே தெரியாத விஷயம், மருமகளுக்கு எப்படித் தெரியலாம்? மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இதற்குச் சிகிச்சை என்ன? டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்தை மாற்றுவதால் தீராது. அந்தப் பணியாளர் மறுநாள் அம்மாவைப் பீடிக்கடையில் தனியாகப் பிடித்தார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை உண்டு. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். ஒரு வாரத்துக்கான ஏழு மாத்திரையை மட்டும் அந்தப் பிரஷர் டப்பாவில் போட்டுக்கொள்வது, மீதியைப் பணியாளரே மூல டப்பாவோடு வைத்திருந்து வாராவாரம் குழு நோட்டோடு கொண்டுவருவது என்று முடிவாயிற்று. மருந்து வாங்கும் தேதியைப் பீடிக்கடை லீவு நாளுக்கு மாற்றித் தரும்படி மையத்தில் கேட்டு வாங்கினார், இல்லாவிட்டால் அன்றைய கூலி போகும். அவ்வளவுதான். நாலு மாதம் கழித்து எடுத்த வைரல் லோடு சோதனையில் வைரஸ் தட்டுப்படவில்லை.

இந்த வேலைக்கு எந்தப் பட்டப்படிப்பு போதும் சொல்லுங்கள். புளிப்பானை என்றால் என்ன, மருமகள் வந்த வீட்டில் மாமியாரின் நிலை என்ன என்று தெரிந்த ஆள் வேண்டும். அதனால்தான் தொற்று உள்ளவர்களையே இந்த வேலைக்கு வைக்க வேண்டும் என்று நான் சண்டை போடுகிறேன். படித்தவர்களை அனுப்பினால் 'ஏன் மருந்தை விட்டீங்க? ஆபத்து தெரியாதா?' என்று அறிவுரையில் தொடங்குவார்கள். நானே பயிற்சி கொடுத்த பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

மருந்து நின்றுபோவதற்குப் பட்டியலில் எழுதும் காரணங்கள் வேறு, உண்மையான காரணங்கள் வேறு. 'விலாசம் தவறு', 'வேறு ஊர் சென்றுவிட்டார்' என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால், காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரத்திலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஓடுகிற டிரைவர், அங்கே ஒரு மையத்தில் வாங்கலாமே என்று யாரும் சொல்லாததால் விட்டிருப்பார். குற்றால சீசனில் கடை போட வந்தவர், மூன்று மாதம் ஊருக்குப் போக முடியாமல் விட்டிருப்பார். இன்னொரு கூட்டம் உண்டு. பக்கத்தில் மையம் இருந்தும் வேண்டுமென்றே தூரமான மையத்துக்குப் போகிறவர்கள். தென்காசி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் சொந்தக்காரர் கண்ணில் படும், ஹைகிரவுண்ட் வரிசையில் யாருக்கு யாரைத் தெரியும்? 'பக்கத்து மையத்துக்கு மாற்றித் தருகிறேன்' என்று நல்ல எண்ணத்தில் சொல்கிற அலுவலர், சில நேரம் அந்த ஆளை மருந்தை விட்டே விரட்டிவிடுகிறார். அவருக்கு அந்தத் தூரம் தேவை. அதைப் பறிக்காதீர்கள்.

கொரோனா ஊரடங்கில் இந்தக் களப்பணியாளர்கள் யார் என்று கொஞ்சம் வெளியே தெரிந்தது. பஸ் இல்லை. மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கச் சொன்னது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? இரு சக்கர வண்டியில் சங்கத்துக்காரர்கள். செக்போஸ்டில் போலீஸ் மடக்கி 'என்ன மருந்து, யாருக்கு?' என்றால், மருந்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது.

யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது இப்போது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட. 2017-இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது. சம்மதம் இல்லாமல் ஒருவருடைய தொற்றைப் பிறரிடம் சொல்லக்கூடாது. வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு கூடாது. நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி என்றால் இருபது பேருக்கே. மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர். ஆய்க்குடியில் கம்பெனி, பள்ளி நடத்துகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் அந்தப் புகார் அலுவலர் யார் என்று நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆபீஸில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எச்.ஐ.வி.யால் அப்பா அம்மா பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போன வீட்டில், 12 வயது நிரம்பி 18-க்குள் இருக்கும் அக்காவோ அண்ணனோ, குடும்பத்தை நடத்தும் பக்குவம் இருந்தால், தம்பி தங்கைகளுக்குப் பாதுகாவலராகக் கையெழுத்துப் போடலாம். பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு, பேங்க் கணக்குக்கு, சிகிச்சைக்கு எல்லாம். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு, பதினைந்து வயதில் வீட்டுக்குத் தலைவியாகிவிட்ட பெண்ணைத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு பிரிவு வருவதற்குத் தொற்று உள்ளவர்களின் சங்கங்கள் எத்தனை வருஷம் அலைந்திருக்கும்! தமிழ்நாடு அரசும் 2009-இல் எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தியது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டியிடம் வளரும் பிள்ளை, 'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்ததைச் சாப்பிட்டு வளர்ந்து, பத்தாம் வகுப்பில் மாத்திரைப் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கிறதே, அந்த ராத்திரி அந்தப் பிள்ளையோடு யார் பேசுவது? அறக்கட்டளை பேசாது. எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகர், பாட்டியோடு சேர்ந்து, முன்கூட்டியே, பிள்ளையின் வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பணக் கதை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, மத்திய அரசு ஒதுக்கியது 15,471 கோடி ரூபாய்க்கு மேல். நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 2023 மதிப்பீட்டின்படி 25 லட்சத்தைத் தாண்டுகிறார்கள், தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் கிளினிக்குகள் பூட்டப்பட்டன. நம் ஊரில் மாத்திரை நிற்கவில்லை, ஏனென்றால் மாத்திரையை நாமே வாங்குகிறோம். அதற்காக அரசைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இதைக் கவனியுங்கள்: மாத்திரை பட்ஜெட்டில் இருக்கிறது, தேடிப் போகிற ஆள் திட்டப் பணத்தில் இருக்கிறார். நம்பிக்கை மையத்து ஆலோசகர்கள் வருஷக்கணக்காக ஒப்பந்தப் பணியில்தான் இருக்கிறார்கள். களப்பணியாளருக்குக் கிடைப்பது அதிலும் கீழே. ஒரு திட்டக் கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சம்பளம் தள்ளிப் போகும். அந்த இடைவெளியில் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகும். சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டப்படுவது பஸ் செலவு. மருந்தில் ஒரு ரூபாய் வெட்டினால் சட்டமன்றத்தில் கேள்வி வரும், பஸ் செலவை வெட்டினால் யாருக்கும் தெரியாது. கடையம் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

கடைசியாக ஒரு விஷயம், இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2004, 2005-இல் மருந்து தொடங்கியவர்கள் செத்துப்போவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு சுகர், பிரஷர், மூட்டுவலி, கண்புரை. கண் ஆபரேஷனுக்குப் போனால் தொற்றைச் சொல்வதா வேண்டாமா என்று நடுங்குகிறார்கள். இன்னும் சிலருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிட்டது. முப்பது வருஷமாக மகனிடம் சொல்லாத ஒருவர், எந்த மாத்திரை சாப்பிட்டோம் என்று மறந்துபோகிற நாள் வரும்போது டப்பாவை யார் கையில் கொடுப்பார்? முதியோர் இல்லத்தில் சேர்ப்பார்களா? சட்டப்படி தொற்றைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. நடைமுறையில், சேர்க்கும்போது கேட்கிற மருத்துவ அறிக்கையிலேயே கதவு சாத்தப்படுகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் தயவுசெய்து போவதற்கு முன் என்னைப் பாருங்கள். வேறொன்றும் கேட்க மாட்டேன், உங்கள் சேர்க்கைப் படிவத்தை மட்டும் ஒரு தடவை சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது, அச்சன்புதூர் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ்ஸும் உண்டு. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைக்கில் கேட்கத் தயங்குகிறவர்கள் 1097-க்குக் கூப்பிடலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.